மழை நின்று ஆறு வாரம் கழித்து: சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குழந்தை

இந்தக் குழந்தைக்கு மழையில் ஒன்றும் ஆகவில்லை. வீடு இடியவில்லை, வீட்டில் யாருக்கும் அடிபடவில்லை, நிவாரணச் சாப்பாடும் நேரத்துக்கு வந்தது. ஆனாலும் மழை நின்று ஆறு வாரம் கழித்து, பொங்கல் முடிந்த வாரத்தில், எலும்பும் தோலுமாக எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தாள். இயற்கைப் பேரிடர் என்றால் முதல் நாலு நாள் மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குப் பிறகு குழந்தைகள் உடம்பில் நடப்பதை யாரும் எண்ணுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம், அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

நான் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் டயட்டீசியன். தாயின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை, அடையாளம் தெரியாமலிருக்கச் சின்னச் சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன். இனி அவளைப் பாப்பா என்றே சொல்கிறேன்.

முன்கதை

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தபின் வேகம் குறைந்து உள்மாவட்டங்களின் மேல் மெதுவாக நகர்ந்ததில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் எல்லாம் நனைந்தன, திருமணிமுத்தாற்றில் வெள்ளம், ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கீழே சேலத்தில் இருப்பவர்களுக்கு அது சில நாள் தொந்தரவு. மேலே இருந்த சிற்றூர்களுக்கு அது காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் விழுந்த அடி. நவம்பர், டிசம்பர், ஜனவரிதான் எஸ்டேட் கூலிக்குடும்பங்கள் நாலு காசு பார்க்கும் மாதங்கள், அதை வைத்துத்தான் வருடத்தின் மற்ற மாதங்களின் கடனை அடைப்பார்கள். தொடர்மழையில் பழுத்த பழம் வெடித்து உதிர்ந்தது. பறிக்க ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பாப்பாவின் வீடு அப்படிப்பட்ட வீடு. மலையாளிப் பழங்குடிக் குடும்பம் (கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலையிலேயே வாழ்கிற பழங்குடிகள்), அப்பா அம்மா இருவருமே எஸ்டேட் கூலி, கூடவே அப்பாவைப் பெற்ற ஆயா, நாலு வயது அண்ணன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் அவரைப் பந்தல், கேழ்வரகு போடும் துண்டு நிலம், சில நாட்டுக்கோழிகள். நவம்பர் நடுவில் அங்கன்வாடியில் எடுத்த எடை அட்டையில் இருந்தது: 7.5 கிலோ. 12 மாதக் குழந்தைக்கு அது கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் பயப்படும் எடை இல்லை. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள், கூடவே களி, பருப்புச் சோறு, வாரத்தில் இரண்டு மூன்று முட்டை. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியும் போட்டிருந்தார்கள்.

மழை நாட்களில் அவர்களைப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்க வைத்தார்கள். சாம்பார் சாதம், உப்புமா, பிரெட், பிஸ்கட். நாலாம் நாள் வீடு திரும்பினார்கள். வீட்டில் அரிசி இருந்தது, ரேஷனிலும் அரிசி வந்தது. கோழிக்கூண்டு அடித்துக்கொண்டு போயிருந்தது. அவரைப் பந்தல் அழுகியிருந்தது. குடிக்கத் தண்ணீர் எடுக்கும் ஊற்று சேறாகிக் கிடந்தது.

வார்டில் சேர்ந்த நாள்

வயது 14 மாதம். எடை 6.2 கிலோ. உயரம் 72 செ.மீ. மேல்கைச் சுற்றளவு 111 மில்லிமீட்டர். இந்தக் கடைசி அளவைப் பற்றி ஒரு வார்த்தை: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு மேல்கை நடுவில் நாடாவைச் சுற்றிப் பார்க்கும்போது 115-க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, 115 முதல் 125 வரை மிதமானது. தராசு வேண்டாம், கணக்கு வேண்டாம், அச்சடித்த ஒரு நாடா போதும். மலை ஏறி நடந்து போகிறவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

பாதத்தில் வீக்கம் இல்லை. பிட்டத்துத் தோல் தொங்கியது. பத்து நாளாக விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு. அக்குளில் வெப்பநிலை 34.8 செல்சியஸ், ரத்தச் சர்க்கரை 52. இரண்டுமே ஆபத்து அளவுகள். தையில் மலைக்குளிரில் விடியற்காலையில் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், வழியில் ஒன்றும் குடிக்கவில்லை. பசி இருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்த கடலைப் பசையை நாக்கால் வெளியே தள்ளிவிட்டாள். பசி இருக்கும், வேறு சிக்கல் இல்லாத குழந்தையென்றால் வீட்டிலேயே வைத்துத் தேற்றிவிடலாம். பசியே செத்துப்போன குழந்தையை உள்ளே சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் சர்க்கரைக் கரைசல், பிறகு அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திச் சூடு. தாய்க்கோழி அணைப்பதைப் போல, குல்லா மாட்டி, வெறும் உடம்போடு உடம்பாக. டாக்டர் ஆன்ட்டிபயாட்டிக் தொடங்கினார். இவ்வளவு மெலிந்த குழந்தைக்குக் காய்ச்சல் தெரியாது, வெள்ளையணு ஏறாது, ஆனாலும் தொற்று இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வது வழக்கம். வயிற்றுப்போக்குக்கான நீரை மெதுவாக வாய்வழியே கொடுத்தோம், இப்படிப்பட்ட இதயத்துக்கு ஊசி வழியே வேகமாக நீர் ஏற்றினால் தாங்காது. ரத்தசோகை இருந்தும் முதல் வாரம் இரும்புச்சத்து கொடுக்கவில்லை. கிருமி இருக்கும் உடம்பில் அது கிருமிக்கே தீனியாகும்.

ஏன் இவ்வளவு கொஞ்சமாகக் கொடுக்கிறீர்கள்?

முதல் மூன்று நாள் நாங்கள் கொடுத்தது பால், சர்க்கரை, எண்ணெய், பொரிமாவு, தாது உப்புக்கலவை சேர்த்த நீர்த்த ஆகாரம். இரண்டு மணிக்கொரு தடவை 70 மில்லி. ராத்திரியும் பகலும். ஆயாவுக்கு அது ஆகவே இல்லை.

"ஏம்மா, இத்தனூண்டுதானா? மலையிலேர்ந்து இதுக்கா தூக்கிட்டு வந்தோம்?" என்றார்.

"ஆயா, இப்ப நெறைய குடுத்தா நெஞ்சு தாங்காது. மூணு நாள் பொறுங்க, அப்புறம் அவளே கேட்டு வாங்கிக் குடிப்பா."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வாடிக்கிடக்கும் உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டிருக்கும். தசையைக் கரைத்து உயிரை ஓட்டிக்கொண்டிருக்கும் அந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து நிறையப் போனால் இன்சுலின் ஏறும், ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும், இதயத் துடிப்பு தடுமாறும். இரண்டாம் உலகப்போர் முடிந்து பட்டினியிலிருந்து மீண்ட கைதிகள் நிறையச் சாப்பிட்ட பிறகு இறந்துபோனதைக் கவனித்துத்தான் இதை மருத்துவம் தெளிவாகப் புரிந்துகொண்டது. பேரிடர்ப் பகுதியில் உதவப் போகிற நல்ல மனசுக்காரர்கள் எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். பட்டினி கிடந்த பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

நாலாம் நாள் காலை, தம்ளரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். அன்றிலிருந்து கொழுப்பும் புரதமும் கூடுதலான அடுத்த நிலைப் பால், மெல்லமெல்ல அளவு ஏற்றி. அந்த ஆகாரத்தில் 100 மில்லிக்கு 100 கலோரி இருக்கும், முதல் ஆகாரத்தில் 75-தான். நடுநடுவே தாய்ப்பால்.

எங்கே விழுந்தாள்?

இனிதான் முக்கியமான பகுதி. தாயிடமும் ஆயாவிடமும் தனித்தனியாக உட்கார்ந்து, நாள்வாரியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அரிசி இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் 1.3 கிலோ எங்கே போனது?

மழையின் இரண்டாம் நாள் தாய் பயந்துபோயிருந்தார், பால் வரவில்லை என்று நினைத்தார். பயத்தில் பால் வற்றிவிடும் என்று சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் பதற்றத்தில் பால் இறங்குவது கொஞ்சம் தாமதமாகும், சுரப்பு நின்றுவிடாது. குழந்தை விடாமல் சப்பினால் வந்துவிடும். ஒரு போர்வையும், ஒரு மறைவான மூலையும், "வரும் கண்ணு, குடு" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு பெண்ணும் அப்போது போதும். ஆனால் அங்கே கைக்கு வந்தது பால் பவுடரும் பாட்டிலும். நல்ல எண்ணத்தோடு யாரோ கொடுத்ததுதான். பால் பவுடர் பாக்கெட் இருக்கிற வரை தண்ணீர் கூட்டிக்கூட்டிக் கலக்கினார்கள், விறகு நனைந்திருந்ததால் தண்ணீரைக் கொதிக்க வைக்கவில்லை. பாக்கெட் தீர்ந்தபோது குழந்தை பாட்டிலுக்குப் பழகியிருந்தாள், மார்பில் சுரப்பு நிஜமாகவே குறைந்திருந்தது.

இது இந்த ஒரு வீட்டின் விபத்து என்று விட்டுவிட முடியாது. 2006-ல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பின் கணக்கெடுத்தபோது, தானமாக வந்த குழந்தைப் பால் பவுடரை வாங்கிய வீடுகளில் வயிற்றுப்போக்கு வாங்காத வீடுகளைப்போல இரண்டு மடங்கு இருந்தது. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பவுடர்களையும் பாட்டில்களையும் இலவசமாகக் கொடுப்பதைத் தடுக்க இந்தியாவில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் பாட்டிலோடு மலையேறுகிற நிறையப் பேருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

அடுத்தது ஜவ்வரிசிக் கஞ்சி. நம்ம ஊர் ஜவ்வரிசி ஊர். சேலத்தைச் சுற்றிக் குச்சிக்கிழங்கு, ஆலைக்கு ஆலை ஜவ்வரிசி, மலிவாகவும் கிடைக்கும், வயிறு சரியில்லாத குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பது தலைமுறை வழக்கம். ஒரு நாள், இரண்டு நாள் கொடுத்தால் எந்தக் குற்றமும் இல்லை. பாப்பாவுக்கு மூன்று வாரத்துக்கு மேல் அதுவும் சோற்றுக்கஞ்சியும்தான் பிரதான ஆகாரம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி, புரதம் கிட்டத்தட்டப் பூஜ்ஜியம். ஏழு கிலோக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லி கொள்ளும். ஒரு தம்ளர் கஞ்சியில் ஜவ்வரிசி 20 கிராம் என்று வைத்தால் 70 கலோரி. நாலு வேளைக்கு 280. இந்த வயதுக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக உணவிலிருந்து மட்டும் சுமார் 550 கலோரி வேண்டும், இவளுக்குத் தாய்ப்பாலும் குறைந்துவிட்டது. ஆக, வயிறு நிறைந்து, அழாமல் தூங்கி, பாதித் தேவைகூடக் கிடைக்காமல் இருந்திருக்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் அந்த நிறைந்த வயிறுதான். அதே கஞ்சியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டிருந்தால் வேளைக்கு 45 கலோரி கூடியிருக்கும். ஒரு முட்டையைச் சேர்த்திருந்தால் ஆறு கிராம் புரதம். நாமக்கல் நமக்குப் பக்கத்து ஊர், லாரி லாரியாக முட்டை போகிறது, ஆனால் கூலி இல்லாத வீட்டில், கோழி போன வீட்டில், பாதை அடைபட்ட மலையில் முட்டைக்கு வழியில்லை.

ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் உண்டு. அந்த மாதம் அதற்கும் கையில் பணம் இல்லை என்று அரிசி மட்டும் வாங்கி வந்திருக்கிறார்கள். அங்கன்வாடிச் சத்துமாவு இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியிருக்கும்: கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் சேர்ந்த மாவு. அங்கன்வாடிக் கட்டடம் ஒழுகியதால் சில வாரம் அது வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அப்புறம் வயிற்றுப்போக்கு. சேற்று ஊற்று, பாட்டில், கொதிக்காத தண்ணீர் எல்லாம் சேர்ந்து மூன்று தடவை வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் ஆகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்தார்கள், அது சரி. துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமல் விடுபட்டது.

கடைசியாக, தாய். வயது 23. மேல்கைச் சுற்றளவு 205 மில்லிமீட்டர், ஹீமோகுளோபின் 8.2, இரண்டுமே குறைவு. பாலூட்டும் பெண்ணுக்கு வழக்கத்தைவிடச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். இவர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருந்த சோறும் ரசமும் சாப்பிட்டவர். முகாமில்கூட வரிசையில் கடைசியாகத்தான் நின்றிருக்கிறார். "நான் திங்கறதுல என்னக்கா இருக்கு, புள்ளைங்க தின்னா போதும்" என்றார் என்னிடம். அவர் சாப்பிட்டால்தான் அந்தப் புள்ளை சாப்பிடும் என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை, ஆனால் அதை அந்த ஆறு வாரத்தில் அவரிடம் சொல்ல ஒருவரும் இல்லை.

தானியத்தின் எடையை மட்டும் பார்ப்பது

இந்தப் பிரச்சினை சேலத்துக்குப் புதிது இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் இருந்த மக்கள்தொகை 1881-ல் குறைந்திருந்தது. 1877-ல் நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அடிப்படையாக வைத்த கூலி போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் முடிவு செய்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். அளவும் போதாது, வெறும் தானியமும் போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும், இந்த அளவில் வேலை வாங்கினால் மக்கள் மெல்லச் சாவார்கள் என்பது அவர் வாதம். ஒரு பவுண்டு தானியம் என்பது 1,600 கலோரியை ஒட்டி வரும். இன்று பேரிடர் நிவாரணத்துக்கு உலக அளவில் வைத்திருக்கும் திட்ட அளவு ஒருவருக்கு நாளுக்கு 2,100 கலோரி, அதில் பத்துச் சதவீதத்துக்குக் குறையாமல் புரதத்திலிருந்து, 17 சதவீதம் கொழுப்பிலிருந்து, கூடவே 15 லிட்டர் தண்ணீர். கார்னிஷ் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். நாம் இன்னும் நிவாரணத்தை அரிசி மூட்டையில்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மழைக்கு முந்தைய உடம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 14.6 சதவீதம் பேர் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர்கள், 57 சதவீதத்துக்கு ரத்தசோகை. அதாவது பேரிடர் வரும்போதே கையில் மிச்சம் இல்லாத குழந்தைகள். ஒடிசாவின் ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் 2008 வெள்ளத்துக்குப் பிறகு ஆய்வு செய்தபோது, வெள்ளம் புகுந்த ஊர்க் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு வெள்ளம் புகாத ஊர்க் குழந்தைகளைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. பிறந்த முதல் வருடத்திலேயே வெள்ளத்தில் மாட்டிய குழந்தைகளுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். பாப்பா அந்த வயதை அப்போதுதான் தாண்டியிருந்தாள்.

வார்டுக்கு அப்புறம்

இரண்டு வாரத்தில் 6.75 கிலோ. வயிற்றுப்போக்கு நின்று, சிரிக்க ஆரம்பித்ததும் அனுப்பினோம். அப்பா ஒரு நாள்தான் வந்தார். காப்பியில் மிச்சமிருந்த பறிப்பு வேலையை விட்டால் வாங்கிய கடனுக்கு வட்டிகூடக் கட்ட முடியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நேரடியாகச் சாப்பிடும் சிகிச்சை உணவுப் பாக்கெட் கிடைக்கிறது, ஒரு பாக்கெட்டில் சுமார் 500 கலோரி, தண்ணீர் கலக்கத் தேவையில்லை. சேற்று ஊற்று உள்ள ஊருக்கு அந்தக் கடைசி விஷயம் பெரிய வரம். அதோடு வீட்டில் செய்ய நான் எழுதிக் கொடுத்தது ரொம்பச் சாதாரணமானது: களியை நெகிழக் கிண்டி அதில் எண்ணெய், மசித்த பருப்பு, கீரை. பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் வறுத்து அரைத்த பொடி, வெல்லம். முட்டை கிடைக்கிற நாளில் அதை முதலில் இவளுக்கு. கஞ்சி வைத்தால் கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத பதத்தில். தாய்க்குத் தனியாக ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வேளை கூடுதல் சோறு, இரும்புச்சத்து மாத்திரை. இதை ஆயா முன்னால் வைத்தே சொன்னேன், ஏனென்றால் அந்த வீட்டுச் சோற்றுப்பானை ஆயா கையில்.

அந்த ஊரில் மற்றக் குழந்தைகளின் கையையும் அளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். கிராமச் சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் வீடுவீடாகப் போனார்கள். 115-க்குக் கீழே யாரும் இல்லை, 125-க்குக் கீழே சிலர் இருந்தார்கள், அவர்களில் பாப்பாவின் அண்ணனும் ஒருவன். எல்லாமே கூலி நின்ற வீடுகள். மண் சரிந்த வீடு, சரியாத வீடு என்று தனியாகப் பிரிக்க முடியவில்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழையில் சரிவு வந்தால், மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் இந்த அளவெடுப்பை வைத்துக்கொள்ள அவர்கள் இருவரும் நாள் குறித்துக்கொண்டார்கள். நிவாரணப் பொருள் கொண்டுவருகிறவர்களிடம் பால் பவுடருக்குப் பதில் பருப்பு, எண்ணெய், வேர்க்கடலை, குளோரின் மாத்திரை, மூடியோடு குடம் கேட்பது என்றும் பேசி வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் நடுவில் கடைசியாகப் பார்த்தபோது பாப்பா 8 கிலோ, கைச்சுற்று 126. நடக்கிறாள். உயரம் மட்டும் மூன்று மாதத்தில் ஒன்றரை செ.மீ.தான் ஏறியிருந்தது. எடை திரும்பிய வேகத்தில் உயரம் திரும்பாது, அடுத்த ஒரு வருடம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தாயின் ஹீமோகுளோபின் 9.6, தாய்ப்பால் ராத்திரியில் தொடர்கிறது. அண்ணன் 125-ஐத் தாண்டிவிட்டான். கோழி இன்னும் வாங்கவில்லை, கடன் முடிந்தால் வாங்கலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறாராம். அடுத்த அளவெடுப்பு ஜூலையில்.